அப்டேட் மேல் பழி போடு!

"ஆ...!"

அலறல் ஒரே ஒரு தடவைதான் கேட்டது.

பிறகு நிசப்தம். நாலாம் நம்பர் பிரஸ் தன் வேலையை முடித்துக்கொண்டு மெதுவாக மேலே ஏறி நின்றது. கார் கதவுக்கான தகட்டை ஒரே அழுத்தில் வளைக்கிற ராட்சச மெஷின். அன்று காலை அதற்கு அடியில் இருந்தது தகடு மட்டுமல்ல.

இசக்கிதுரை!

மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். அம்பாசமுத்திரத்துப் பையன். பென்னலூரில் வாடகை அறை. ஆவணியில் கல்யாணம்.

மெஷினின் முன்பக்கத்தில், இரண்டு பட்டன்களின் மேல் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்தபடி உறைந்து நின்றவள் சுகப்பிரியா.

ஆவணியில் அவன் கட்டிக்கொள்ளப் போகிற பெண்.

*

ஒரகடத்தில் ஏகவீரா ஸ்டாம்பிங்ஸ் என்றால் ஊருக்கே தெரியும். வாசலில் ஆளுயர போர்டு. 'விபத்து இல்லாத நாட்கள்' என்று போட்டு, பக்கத்தில் பெருமையாக ஒரு எண்.

இன்ஸ்பெக்டர் ஏலவார்குழலி ஜீப்பை விட்டு இறங்கியபோது அந்த எண்ணின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது.

உள்ளே போனாள். இசக்கிதுரையின் மேல் எதுவும் போர்த்தியிருக்கவில்லை.

"போர்டுக்குத் துணி கெடச்சுது. ஆளுக்குக் கெடைக்கலை. நல்ல கம்பெனிதான்!" என்றாள் பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் பொன்னுரங்கத்திடம்.

"இன்னா மேடம் பண்றது... போர்டுக்குத்தான் நாளைக்கு விருந்தாளி வராங்களாமே!"

பிளான்ட் மேனேஜர் கோதண்டராமன் வேகமாக வந்தார். சலவைச் சட்டை, செண்ட் வாசனை, முகத்தில் அளந்து பூசிய சோகம்.

"வாங்க மேடம். ரொம்ப வருத்தமான விஷயம். ஜூஸ் சாப்பிடறீங்களா? ஆப்பிளா, மாதுளையா?"

"பொணத்துக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டா?"

"ஏ.சி. ரூம் இருக்கு மேடம்..."

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க. சுருக்கமா."

கோதண்டராமன் தொண்டையைச் செருமினார். மீட்டிங்குகளில் பேசிப் பழகிய தொண்டை.

"மெஷினுக்குள்ள ஆள் இறங்கினா கண்ட்ரோல் ரூம் ஸ்க்ரீன்ல சிவப்பு காட்டும். மெஷின் மேல இருக்கற லைட்டும் சிவப்பாயிடும். வேலை முடிஞ்சு வெளிய வந்தவன் பின்னாடி இருக்கற டேப்லெட்ல 'முடிஞ்சது'ன்னு தட்டணும். உடனே கண்ட்ரோல் ரூம்ல ஒரு பாப்-அப் வரும். 'எல்லோரும் வெளியே வந்தாச்சா?' ஓகே, கேன்சல். ஓகே அழுத்தினாத்தான் லைட் பச்சையாகும். பச்சையானாத்தான் முன்னாடி பட்டனை அழுத்தினா மெஷின் இறங்கும். வேர்ல்ட் க்ளாஸ் சிஸ்டம் மேடம்!"

"வேர்ல்ட் க்ளாஸா செத்திருக்கான். யார் ஓகே அழுத்தினது?"

"அதான் மேடம் விஷயமே! கண்ட்ரோல் ரூம்ல நான்தான் இருந்தேன். பாப்-அப் தானா வந்துது. என் கண்ணால பார்த்தேன். ஆள் உள்ளேதானே இருக்கான்னு உடனே கேன்சல் அழுத்தினேன். ஆனா... லைட் பச்சையாயிடுச்சு!"

"கேன்சல் அழுத்தினதுக்கா?"

"எல்லாம் இந்த ப்ரவுசர் அப்டேட்! இந்தப் பக்கமெல்லாம் ப்ரவுசர்லதான் ஓடுது. புது வெர்ஷன் போடறோம்னு ஐ.டி.லேருந்து நேத்து மெயில். இன்னிக்குக் காலையில உயிர் போச்சு. இப்பவும் போய்ப் பாருங்க, ஸ்க்ரீன்ல சிவப்பு, லைட்ல பச்சை! இதைவிட என்ன ப்ரூஃப் வேணும்?"

"மேடம்..." பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "ப்ரவுசருக்கு வெலங்கு எப்டி மாட்டறது? கையே இல்லியே!"

கோதண்டராமன் அவரைப் பார்க்காமல் ஏலவார்குழலியிடம் ஒரு தாளை நீட்டினார்.

"அதனாலதான் கம்ப்ளெயிண்ட்ல அந்தப் பொண்ணு பேரைப் போட்டிருக்கோம். பச்சை விழுந்தாலும் பின்பக்கம் போய் ஒருதடவை பார்த்துட்டுத்தான் அழுத்தணும்னு ரூல் இருக்கு. அவ பார்க்கலை."

"யாராவது பாக்கறாங்களா?"

"ரூல் இருக்கு மேடம்."

"ஒவ்வொரு கதவுக்கும் நடந்து போய்ப் பார்த்துட்டு வந்தா, நீங்க கேக்கற கணக்குக்குக் கதவு வருமா?"

"ரூல்... இருக்கு மேடம். சாயங்காலத்துக்குள்ள அவளை நீங்க ரிமாண்ட் பண்ணிட்டா, நாங்க மெஷினைக் கழுவி லைனை ஓட்டிக்கலாம். நாளைக்கு கஸ்டமர் கம்பெனி ஆடிட்டர் வராங்க..."

ஏலவார்குழலி அவரை மேலும் கீழும் பார்த்தாள். ப்ரவுசரைக் கைது பண்ண முடியாது. சுகப்பிரியாவைப் பண்ணலாம். எவ்வளவு வசதி!

"பொன்னுரங்கம், கேட்டை மூடுங்க. வெளிய போற ஒவ்வொருத்தரையும் சோதனை போட்டுத்தான் விடணும். மேனேஜர்லேருந்து கூட்டறவங்க வரைக்கும்."

கோதண்டராமனின் சோகம் ஒரு கணம் நழுவியது.

*

முதலுதவி அறை. சுகப்பிரியா இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்துவிட்டிருந்தாள். அழுகையைவிட அது மோசமாக இருந்தது.

"நீதானே பட்டன் அழுத்தினது?"

"நாந்தான் மேடம்."

"உள்ள யாரு இருக்காங்கன்னு தெரியாதா?"

"பின்பக்கமா எறங்குனா எங்களுக்குத் தெரியாது மேடம். சிவப்பு எரிஞ்சுது, நின்னேன். பச்ச எரிஞ்சுது, அமுக்குனேன். சத்தத்தக் கேட்டப்பத்தான்... அத்தான் கொரலுன்னு தெரிஞ்சுது. எங்க அத்த மவன் மேடம். நான் குன்றத்தூர் ஹாஸ்டல்ல இருக்கேன். ஞாயித்துக்கிழம வந்து பாத்துட்டுப் போவாவ."

"அவனுக்கும் இங்க யாருக்கும் தகராறு உண்டா?"

சுகப்பிரியா கதவைப் பார்த்தாள். ஏலவார்குழலி எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தாள்.

"சொல்லும்மா. சாயங்காலம் உன்னை உள்ள தள்ளணும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. யாரும் உனக்காகப் பேசப் போறதில்ல. நீதான் பேசணும்."

"ஒரு சாவி உண்டு மேடம். அதத் திருப்பினா ஸ்க்ரீன்ல என்ன காட்டினாலும் லைட்டு பச்சையாயிரும். உள்ள ஆளு இருந்தாலும் பச்சதான். லைன் நிக்கப்பிடாதுன்னு அவசரத்துக்குத் திருப்புவாங்க. போன மாசம் அப்படித் திருப்பித்தான் வனமாமலை அண்ணனுக்கு வெரலு போச்சு. பொறவு அந்தச் சாவிய ஒடச்சுப் போட்டுட்டோம்னு போர்டுல எழுதிப் போட்டாங்க."

"உடைக்கலையா?"

"ஒடைக்கல. ஒருத்தர் கையில பாத்தேன்னு அத்தான் சொன்னாவ. நாளைக்கு வார ஆடிட்டர்கிட்ட சொல்லப்போறேன்னும் சொன்னாவ."

"யார் கையில?"

"பேரு கேட்டேன். தெரிஞ்சா நீயும் மாட்டிக்கிடுவ, சும்மா இருன்னுட்டாவ." அவள் மறுபடி தன் கைகளைப் பார்த்தாள். "கேக்காம விட்டுட்டேன் மேடம்..."

ஏலவார்குழலிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கொல்ல வேண்டும் என்றால் கொன்று தொலைத்திருக்கலாம். அதற்கு இந்தப் பெண்ணின் கைதானா கிடைத்தது!

*

கண்ட்ரோல் ரூம் கண்ணாடிக் கதவில் பெரிய எழுத்தில் அறிவிப்பு. 'காலணிகளைக் கழற்றவும். மீறினால் மெமோ. - கோதண்டராமன்.'

ஏலவார்குழலி பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். பொன்னுரங்கம் முனகிக்கொண்டே கழற்றினார். ஆபரேட்டர் விஜய் வெறும் சாக்ஸோடு எழுந்து நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"காலையில நீ எங்க போன?"

"டீ குடிக்க மேடம். சார்தான் 'நீ போய் டீ சாப்பிட்டு வா, நான் பார்த்துக்கறேன்'னு அனுப்பினாரு."

"அடிக்கடி அனுப்புவாரா?"

"நான் சேர்ந்ததுலேருந்து... இன்னிக்குத்தான் மேடம் முதல் தடவை."

"மனசு எளகியிருக்காரு பாரேன்!" என்றாள் ஏலவார்குழலி. "அந்தக் கதவுக்குப் பின்னால என்ன?"

"பேனல் ரூம் மேடம். ஒயரிங் எல்லாம் அங்கதான். சாவி போடற ஓட்டையும் அங்கதான் இருக்கு. ஆனா சாவியைத்தான் ஒடச்சுட்டாங்களே?"

"கேமரா?"

"அங்க கெடையாது."

அவள் ஸ்க்ரீன் பக்கம் திரும்பினாள். நாலாம் நம்பர் கட்டம் இன்னமும் சிவப்பு. ப்ரவுசரின் மேல் மூலையில் ஏதோ ஒரு சின்னச் சிவப்புப் பட்டன். குனிந்து அதைப் படித்தாள். நிமிர்ந்தாள்.

அப்போது கதவு திறந்தது.

"மேடம், லைனை எப்ப ஓட்டலாம்?" கோதண்டராமன் தடதடவென்று உள்ளே வந்தார். கறுப்பு சேஃப்டி ஷூ பளபளத்தது.

விஜய் அந்த ஷூவைப் பார்த்தான். பிறகு ஏலவார்குழலியைப் பார்த்தான். அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொறுங்க சார். உங்க ப்ரவுசரை விசாரிச்சுட்டு வரேன்."

கோதண்டராமன் போனதும் பொன்னுரங்கம் அவள் காதருகே வந்தார்.

"கேட்டாண்ட சோதனை போடறது வேஸ்ட் மேடம். எல்லார் ஷூவுலயும் மூக்குல இரும்பு கீது. சோதனை மிஷினை வெச்சா பீப் பீப்னு கத்தினே கீது. ஷூன்னா வுட்டுர்றாங்க. எப்பவும் அப்படித்தானாம்."

"இந்த விஷயம் இங்க வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும், இல்லையா?"

"நல்லாத் தெரியும்."

"சந்தோஷம்," என்றாள் ஏலவார்குழலி.

*

ஐ.டி. அறையில் நெல்லையப்பன் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். ஆள் செத்த கட்டடத்தில், ஆள் சாவதற்குத் தன் துறையே காரணம் என்று பேச்சு ஓடும்போது, பிரியாணி செய்முறை பார்க்க ஒரு தைரியம் வேண்டும்.

போலீஸைப் பார்த்ததும் கோழியை மூடினான்.

"நான் மெயில் அனுப்பிட்டேன் மேடம்! 'நாளை முதல் புது வெர்ஷன். பழைய பக்கங்கள் சில சரியா வேலை செய்யாமப் போகலாம்.' தெளிவா இருக்கு!"

"எந்தப் பக்கம்? என்ன வேலை செய்யாது?"

"அது... புது வெர்ஷனோட வர்ற ரிலீஸ் நோட்ஸ்ல இருக்கும்."

"படிச்சியா?"

"யாரு மேடம் அதெல்லாம் படிக்கறது!"

"நீதான். இப்ப. சத்தமா."

நெல்லையப்பன் வேண்டாவெறுப்பாகத் திறந்தான். இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான்.

"புது வசதிகள்... செலக்ட் பண்ற பெட்டிக்கு இனிமே இஷ்டப்பட்ட கலர் போடலாம். ஒரு பக்கத்துலேருந்து இன்னொண்ணுக்குப் போறப்ப மெதுவா கரையற மாதிரி அனிமேஷன். மூலை வளைவை இன்னும் அழகா வளைக்கலாம்..."

"மெஷினுக்குள்ள ஆள் நசுங்கறப்ப அழகா கரையுமா?"

அவன் அவசரமாக அடுத்த பாராவுக்குத் தாவினான்.

"மேல படி."

"நீக்கப்பட்டவை... பழைய கால நோட்டிஃபிகேஷன் ஒண்ணு. அப்புறம்... ஒரு பக்கத்துக்குள்ள செருகி வெச்சிருக்கற வேற கம்பெனிப் பக்கம், இனிமே பாப்-அப் கேள்வி கேக்க முடியாது. பாதுகாப்புக் காரணத்துக்காக அந்த வசதியை எடுத்துட்டாங்க..." குரல் தேய்ந்தது. "அய்யோ!"

"என்ன அய்யோ?"

"நம்ம கண்ட்ரோல் ரூம் பக்கம் அப்படித்தான் மேடம் கட்டியிருக்கு! மெயின் பக்கம் நம்மளுது. உள்ள செருகினது மெஷின் கம்பெனியோடது. புது வெர்ஷன்ல 'எல்லோரும் வெளியே வந்தாச்சா'ங்கற பாப்-அப் வரவே வராது. கேள்வியே கேக்காம, கேன்சல்னு அதுவே எடுத்துக்கும்!"

"அப்ப லைட் பச்சையாகுமா?"

"ஆகவே ஆகாது! காலம் பூரா சிவப்புதான். லைன்தான் நிக்கும். ஆள் சாக மாட்டான்."

"உன் லேப்டாப்ல புது வெர்ஷன் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"தூக்கிட்டு வா. இன்னொரு விஷயமும் கேக்கணும்..." அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நெல்லையப்பன் கண்ணை அகல விரித்தான். பிறகு மெதுவாகத் தலையாட்டினான்.

*

கான்ஃபரன்ஸ் அறை. நீள மேஜை. ஒரு பக்கம் கோதண்டராமன். எதிரே ஏலவார்குழலி. நடுவில் லேப்டாப். சுவரோரம் விஜய், நெல்லையப்பன், கதவருகே பொன்னுரங்கம்.

"ப்ரவுசர் குத்தவாளின்னு நீங்க சொன்னது எனக்குப் புடிச்சிருக்கு சார். அதைப் பக்காவா நிரூபிச்சுட்டா எனக்கும் வேலை மிச்சம்."

"கண்டிப்பா மேடம்! என்ன ஹெல்ப் வேணும்?" அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"காலையில பார்த்ததை மறுபடி சொல்லுங்க."

"ஸ்க்ரீன் நடுவுல பாப்-அப் வந்துது. ஓகே, கேன்சல். நான் கேன்சல் அழுத்தினேன்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லா பார்த்தேன். எத்தனை வருஷமா பாக்கறேன் மேடம்!"

"நெல்லையப்பா, புது வெர்ஷன்தானே இது? கண்ட்ரோல் ரூம் பக்கத்தைத் திற. டேப்லெட் பக்கத்தையும் திறந்து 'முடிஞ்சது'ன்னு தட்டு."

நெல்லையப்பன் தட்டினான்.

எல்லோரும் ஸ்க்ரீனைப் பார்த்தார்கள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி தட்டினான். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்டது.

"எங்க சார் பாப்-அப்?"

கோதண்டராமன் லேப்டாப்பை அருகே இழுத்தார். அதைத் திட்டப் போகிறவர் போலப் பார்த்தார்.

"இது... ஏதோ... நெட் ஸ்லோவா?"

"புது வெர்ஷன்ல அந்த வசதியையே எடுத்துட்டாங்க சார்," என்றான் நெல்லையப்பன். "பாப்-அப் வரவே வராது."

"எடுத்துட்டாங்களா? மெயில்ல நீ அதை..."

"நோட்ஸ்ல இருக்கு சார்."

ஏலவார்குழலி முன்னால் குனிந்தாள்.

"அப்டேட் வர்ற நாளாப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீங்க. புத்திசாலி! ஆனா அப்டேட்ல என்ன வந்துச்சு, என்ன போச்சுன்னு படிக்கலை. அப்ப காலையில நீங்க கேன்சல் அழுத்தின பாப்-அப் எது சார்? எங்க தெரிஞ்சுது? மேலயா, கீழயா, உங்க கனவுலயா?"

"அது... ஒரு செகண்ட் வந்து மறைஞ்சிருக்கும்..."

"நல்லா பார்த்தேன்னீங்க."

"தினம் வர்றதால... பழக்கத்துல... வந்துதுன்னு நினைச்சுட்டேன். சரி, வரலை! பாப்-அப் வரலை. போதுமா?"

"பாப்-அப் வரலைன்னா யாரும் எதையும் அழுத்தலை. எதையும் அழுத்தலைன்னா பச்சை எரியாது. ஆனா எரிஞ்சுது. பேனல் ரூம்ல சாவியைத் திருப்பினாத்தான் எரியும்."

"சாவியே இல்லை! ஒடச்சாச்சு!"

"விஜய்," என்றாள் அவள், திரும்பாமலே. "கண்ட்ரோல் ரூமுக்குள்ள சார் என்னிக்காவது ஷூவோட வந்திருக்காரா?"

"இல்ல மேடம். ஒருத்தன் சாக்ஸ் ஈரமா இருந்துச்சுன்னு கழட்டாம வந்ததுக்கே மெமோ குடுத்தாரு."

"இன்னிக்கு மட்டும் ஏன் சார் கழட்டலை?"

கோதண்டராமனின் வலது கால் மேஜைக்கு அடியில் மெல்லப் பின்னால் போனது.

"கேட்ல மெஷின் கத்தினாலும் ஷூன்னா விட்டுருவாங்க. இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம். பொன்னுரங்கம், சாருக்குக் குனிய கஷ்டமா இருக்கும். ஹெல்ப் பண்ணுங்க."

பொன்னுரங்கம் ஷூவை உருவி மேஜை மேல் கவிழ்த்தார்.

டங்!

சின்னச் சாவி. சிவப்புப் பிளாஸ்டிக் தலை.

"ஒடச்ச சாவி ஒண்ணா ஒட்டிக்கினு கீது மேடம்! அதிசயம்!"

கோதண்டராமன் அதையே பார்த்தார். பூசியிருந்த சோகம் எல்லாம் உதிர்ந்து, அடியில் இருந்த முகம் தெரிந்தது. பார்க்கச் சகிக்கவில்லை.

"அவன் ஒருத்தன் வாயைத் திறந்தா கான்ட்ராக்ட் போயிடும் மேடம்! எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் தெரியுமா? கம்பெனி பேரு என்ன ஆகும்? என் ப்ரமோஷன்..."

"கடைசியா சொன்னீங்களே, அதை முதல்ல எழுதிக்கறேன்."

"சொல்லிப் பார்த்தேன். சூப்பர்வைசர் ஆக்கறேன்னேன். 'வனமாமலை அண்ணன் வெரலைத் திருப்பிக் குடுங்க சார்'ங்கறான்! ஒரு டெக்னீஷியன், என்கிட்ட! அதான்... அவன் உள்ள இறங்கின நேரம் பார்த்து பேனல் ரூமுக்குப் போய்..."

"ஸ்க்ரீன் முன்னாடி இல்லவே இல்ல?"

"இல்ல."

"முன்னாடி நின்ன பொண்ணு யாருன்னு தெரியுமா?"

அவர் எரிச்சலாக நிமிர்ந்தார்.

"லைன்ல நிக்கற பொண்ணு யாருன்னு நான் எதுக்கு மேடம் பார்க்கணும்? யாராயிருந்தா என்ன?"

ஏலவார்குழலி தன் கையை மேஜைக்குக் கீழே இறுக மூடிக்கொண்டாள். மூடியிருக்காவிட்டால் அது அவர் கன்னத்துக்குப் போயிருக்கும்.

"மாட்டுங்க பொன்னுரங்கம். இவருக்குக் கை இருக்கு."

*

சுகப்பிரியாவை வெளியே அழைத்து வந்தார்கள். கம்ப்ளெயிண்ட் தாளை ஏலவார்குழலி அவள் எதிரிலேயே இரண்டாகக் கிழித்தாள்.

"உன் மேல கேஸ் இல்லம்மா. நீ போகலாம்."

சுகப்பிரியா நகரவில்லை.

"ஆனா அமுக்குனது எங்கையில்லா மேடம்?"

"கை உன்னுது. கொலை அவனுது. அவன் உன் கையைத் திருடிட்டான். அவ்வளவுதான்."

அவள் தலையாட்டவில்லை. இந்த வார்த்தை போதாது என்று ஏலவார்குழலிக்கே தெரியும். வேறு வார்த்தை அவளிடம் இல்லை. தோளைத் தொட்டு, ஆம்புலன்ஸில் இசக்கிதுரைக்குப் பக்கத்தில் அவளை உட்கார வைத்தாள். யாரோ ஒரு பெண் தொழிலாளி ஓடிப்போய் வாசல் போர்டில் கிடந்த துணியை உருவிக்கொண்டு வந்து அவன் மேல் போர்த்தினாள். எண் வெளியே தெரிந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

கோதண்டராமன் ஏற்கெனவே ஜீப்பில். ஒரு காலில் ஷூ, ஒரு காலில் சாக்ஸ்.

கட்டடத்துக்குள்ளிருந்து பொன்னுரங்கம் தலைதெறிக்க ஓடி வந்தார்.

"மேடம்! மோசம் போய்ட்டோம் மேடம்! அந்த விஜய் பையனை டேப்லெட்ல தட்டச் சொல்லி, கண்ட்ரோல் ரூம்ல நின்னு பார்த்தேன். பாப்-அப் ஜம்முனு வருது! ஓகே, கேன்சல், எல்லாம் வருது!"

"தெரியும்," என்றாள் ஏலவார்குழலி.

ஜீப்புக்குள் விலங்கு குலுங்கியது.

"தெரியுமா...?"

"அந்தக் கம்ப்யூட்டர்ல அப்டேட்டே ஆகலை பொன்னுரங்கம். மேல் மூலையில சிவப்புப் பட்டன். 'அப்டேட் தயார், ரீஸ்டார்ட் செய்யவும்'னு கெஞ்சிக்கிட்டு இருக்கு. நெல்லையப்பனைக் கேட்டேன். மெயில் அனுப்பினதோட அவன் கடமை முடிஞ்சுதாம்!"

"அப்ப காலையில ஓடினது..."

"பழைய வெர்ஷன். எந்தக் கோளாறும் இல்லாத பழைய வெர்ஷன்!"

கோதண்டராமன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"ஏமாத்திட்டீங்க! அப்ப நான் சொன்னது கரெக்ட்! பாப்-அப் வந்திருக்கும்!"

ஏலவார்குழலி ஜீப்பின் அருகில் வந்தாள்.

"வந்திருக்குங்கறீங்களே தவிர, வந்துச்சுங்கறீங்களா? ஸ்க்ரீன் முன்னாடி நிஜமா உட்கார்ந்திருந்தவன் லேப்டாப்பைத் தூக்கிப் போட்டு உடைச்சிருப்பான். 'வந்துச்சு, நான் பார்த்தேன், உன் லேப்டாப்தான் பொய்'னு என்கிட்ட சண்டைக்கு வந்திருப்பான். நீங்க நெட் ஸ்லோவான்னு கேட்டீங்க!"

கோதண்டராமன் கம்பியை விட்டார்.

"சாவி மட்டும் கிடைச்சிருந்தா, 'பாதுகாப்புக்காக நான்தான் வெச்சிருந்தேன்'னு உங்க வக்கீல் கதை விடுவார். நீங்க பேனல் ரூம்ல இருந்தேன்னு உங்க வாயாலயே, இத்தனை பேர் முன்னாடி சொல்லணும். அதுக்குத்தான் லேப்டாப்."

"அது ஏன் ரீஸ்டார்ட் ஆகலை...? எந்த முட்டாள் அதை..."

பொன்னுரங்கத்தின் பின்னாலேயே வந்து வாசலில் நின்ற விஜய் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"நீங்கதான் சார். 'ரீஸ்டார்ட் பண்ணா லைன் நிக்கும். அந்தச் சிவப்புப் பட்டன் வந்தா லேட்டர் அழுத்துடா'ன்னு சொன்னீங்க. எந்த அப்டேட் வந்தாலும் ஷிப்டுக்கு ஷிப்டு அதைத்தான் அழுத்திக்கிட்டு இருக்கோம்."

கோதண்டராமன் சீட்டில் பொத்தென்று சரிந்தார். தான் வரவே விடாத அப்டேட் மேல் பழி போட்டு, வராத அப்டேட்டுக்குப் பயந்து உண்மையைக் கக்கியவர்! மேனேஜ்மென்ட் படித்தவர் வேறு.

ஏலவார்குழலி முன் சீட்டில் ஏறினாள். பொன்னுரங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்தார். பின்னாலிருந்து தேய்ந்துபோன ஒரு குரல்.

"மேடம்... வாக்குமூலத்துல கையெழுத்து... கொஞ்சம் லேட்டரா போடறேனே?"

பொன்னுரங்கம் சாவியைத் திருகினார். ஜீப் உறுமியது.

"அந்தப் பட்டனை கம்பெனியிலயே வுட்டுட்டு வந்துட்டியே சார்! நம்ம ஸ்டேஷன்ல ரீஸ்டார்ட் மட்டும்தான் கீது!"